ஆறாம் நம்பர் மிஷினும் ஒரு நாள் ஊறலும்

பணி ஓய்வு பெறுகிறவர்களுக்குப் போர்த்துகிற சால்வையை எனக்கு முப்பத்திரண்டு வயதிலேயே போர்த்திவிட்டார்கள். மன்னார்குடியில் தெப்பக்குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பிரவுசிங் சென்டரில் பத்து வருடம் வேலை பார்த்தேன். போன மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை கிடைத்து, விலகினேன். இதை ஓய்வு என்று சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் எங்கள் கடையில் யார் விலகினாலும் சால்வை உண்டு, கேசரி உண்டு, கூடவே ஒரு வேண்டுகோளும் உண்டு. எனக்கு வந்த வேண்டுகோள் கவிதாவிடமிருந்து. கடைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது அவளுக்கு.

"போறதுதான் போறீங்க, அந்த ஆறாம் நம்பர் மிஷினப் பத்தி எழுதிக் குடுத்துட்டுப் போங்கக்கா. இப்பதான் பிரவுசரே எல்லாத்தையும் பாத்துக்குதே, எதுக்கு இந்தச் சடங்கெல்லாம்னு வர்றவங்க கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. நாலு வரி போதும்."

நாலு வரியில் அடங்கவில்லை. மன்னித்துக்கொள், கவிதா.

எனக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பி.சி.ஏ. படிக்க மன்னார்குடிக்கு வந்து, படிப்பு முடிந்த கையோடு இந்தக் கடையில் சேர்ந்தேன். முதல் ஒரு வருடம் ஜெராக்ஸ், லேமினேஷன், ரெஸ்யூம் டைப்பிங். அதில் எழுத ஒன்றுமில்லை. கை வேகம் வந்தது, அவ்வளவுதான். அந்த வேகத்தில் எனக்குப் பெருமையும் வந்தது. பின்னால் வந்த வினைக்கு அதுதான் விதை.

கடை முதலாளி கலியமூர்த்தி சார். அதற்கு முன் ஒரு பாலிடெக்னிக்கில் லேப் பொறுப்பாளராக இருந்தவர். ஊருக்கு வெளியே ஐந்து மா நிலம் வைத்து இன்றைக்கும் சம்பா போடுகிறவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஏதாவது ஒரு மிஷினில் கோளாறு என்றால் கேள்வி கேட்பதற்கு முன்னால் அவர் கை நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கியிருக்கும். "என்னாச்சு?" என்பது ஒயர் கையில் வந்த பிறகுதான் வரும். இன்னொரு பழக்கமும் உண்டு. எங்களையெல்லாம் வா, போ என்றுதான் பேசுவார். கோபம் வந்துவிட்டால் மட்டும் மரியாதை ஏறிவிடும். "கொஞ்சம் எழுந்திருங்க" என்றால் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்று முதல் ஐந்து வரையிலான மிஷின்கள் கடையின் உள்ளே, ஒரே நெட்வொர்க்கில். ஒன்றாம் நம்பரில்தான் வாடிக்கையாளர்களின் ஸ்கேன்கள், விண்ணப்பங்கள், கடையின் அரசு சேவை ஐடி எல்லாம். ஆறாம் நம்பர் வாசலை ஒட்டி, தனியாக. இணையத்துக்கு அதற்குத் தனி டாங்கிள். கடை நெட்வொர்க்கிலிருந்து ஒரு ஒயர்கூட அதற்குப் போகாது. வெறும் பயனர் கணக்கு மட்டும் திறந்திருக்கும். அட்மின் பாஸ்வேர்டு சாரிடம். எந்தப் பாஸ்வேர்டும் அதில் சேமிக்கப்பட்டிருக்காது. ஒவ்வொரு ஆள் எழுந்ததும் ரீஸ்டார்ட் செய்தால், காலையில் எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி எழுந்து நிற்கும். நடுவில் ஒட்டிக்கொண்டதெல்லாம் போய்விடும். ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் தங்கும். அதற்கு சார் வைத்த பெயர் 'ஊறல்'.

யார் எந்தப் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் முதலில் ஆறாம் நம்பர். சந்தேகமான தளம் எதைத் திறக்க வேண்டுமென்றாலும் ஆறாம் நம்பர். புதுப்படம் இறக்க வருகிறவர்கள், பழைய கேள்வித்தாள் தேடுகிற பிள்ளைகள், வெளிநாட்டு வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள், எல்லோருக்கும் வாசல் நாற்காலிதான். சிலருக்கு ரோஷம் வரும். "என்ன தம்பி, நம்மள வாசல்லயே ஒக்கார வச்சுட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார். "காத்து வரும்ண்ணே" என்றார் சார். அவரும் காற்று வாங்கிக்கொண்டே ஒரு மணி நேரம் படம் தேடினார்.

அந்த மிஷினில் நான் கற்றுக்கொண்டதைப் பாடமாகச் சொல்லத் தெரியவில்லை. கண்ணுக்குப் பழகியது, அவ்வளவுதான். பக்கத்தின் நடுவில் கண்ணைப் பறிக்கிற பச்சைப் பொத்தான் பொய். ஓரத்தில் சின்ன எழுத்தில் இருப்பதுதான் நிஜம், அதுவும் எப்போதும் இல்லை. அம்புக்குறியைப் பொத்தான் மேல் வைத்து, அழுத்தாமல், கீழே ஓரத்தில் தெரிகிற முகவரியைப் படிக்க வேண்டும். நீ ரோபோ இல்லை என்று நிரூபிக்க 'அலவ்', அதாவது அனுமதி, அழுத்து என்று ஒரு பெட்டி கேட்கும். அழுத்தினால் அன்று முதல் திரையின் மூலையில் உன் கம்ப்யூட்டரில் வைரஸ், உன் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று அதுவே கத்திக்கொண்டிருக்கும். இறங்கிய ஃபைல் பிடிஎஃப் மாதிரி தெரியும். அதன் பின்னால் '.exe' என்று இன்னொரு வால் இருக்கும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துவிடும். மறைக்காதே என்று செட்டிங்ஸில் சொல்லி வைக்க வேண்டும். பிரவுசருக்கு அப்டேட் வந்தால் தள்ளிப் போடக் கூடாது. விளம்பரத் தடுப்பான் ஒன்று இருந்தால் பாதித் தொல்லை வாசலிலேயே நின்றுவிடும். இன்றைக்கு பிரவுசர்களே நிறையப் பார்த்துக்கொள்கின்றன, உண்மைதான். ஆனால் "இருந்தாலும் திற" என்கிற பொத்தானை அழுத்துவது பிரவுசர் இல்லை. நாம்.

ஒருமுறை ஒரு ஜோதிடர் வந்தார். ஜாதகம் கணிக்கிற சாஃப்ட்வேர் ஒன்றைத் திருட்டுத்தனமாக இறக்கியிருந்தார். கூடவே வந்த குறிப்பில், நிறுவுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை அணைக்கவும் என்று இருந்தது. அணைக்கத் தெரியாமல் எங்களிடம் வந்திருந்தார்.

"அத மட்டும் ஆஃப் பண்ணிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்குறேன்" என்றார்.

சார் அந்தக் குறிப்பை நிதானமாகப் படித்தார். "காவலுக்கு நிக்கிறவன வெளிய அனுப்புங்க, அப்பத்தான் உள்ள வருவேங்கறான். வர்றவன் யாருன்னு ஜாதகம் பாக்கணுமாய்யா இதுக்கு?"

ஜோதிடருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் வேறு கடைக்குப் போய் நிறுவிக்கொண்டார். மறு வாரம் மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்களிடமே திரும்பி வந்தார்.

இனி ஊறல். ஆறாம் நம்பரில் எதை இறக்கினாலும், நமக்கே தேவையான நல்ல சாஃப்ட்வேராக இருந்தாலும், அது ஊறல் ஃபோல்டரில் ஒரு நாள் முழுக்கக் கிடக்க வேண்டும். மறுநாள் ஆன்ட்டிவைரஸை அப்டேட் செய்து, மறுபடி சோதித்து, அதன் பிறகுதான் உள்ளே உள்ள மிஷின்களுக்குப் போகலாம். ஏன் ஒரு நாள் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"வெத நெல்லு சாக்குல கட்டி ஊறப் போடறத பாத்திருக்கியா?"

"எங்க ஊர்ல கடல்தான் சார்."

"சரிதான். கையில எடுத்துப் பாத்தா நல்ல நெல்லும் பதரும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். தண்ணியில போட்டாத்தான் பதரு மெதக்கும். இதுவும் அப்படித்தான். இன்னிக்குப் புதுசா வந்த வைரஸ ஆன்ட்டிவைரஸுக்கு இன்னிக்கே அடையாளம் தெரியாது. எங்கயோ ஒருத்தன் மாட்டுவான், அவங்க கண்டுபிடிச்சு அடையாளத்த அனுப்புவாங்க. அதுக்கு ஒரு நாள் குடு."

எனக்கு அது கிழட்டுத்தனமாகத் தெரிந்தது. இணையத்தில் எல்லாம் ஒரு நொடியில் நடக்கிறது, இவர் நெல் ஊறவைத்துக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். நான்கு வருடம் அந்த விதியை மதித்தேன். மதித்தேன் என்பதைவிட, மீற அவசரம் வரவில்லை என்பதுதான் சரி.

வந்தது, சம்பா பயிர் இன்சூரன்ஸுக்குக் கடைசி மூன்று நாளில்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அந்த நாட்களைச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வயலில் இந்தப் பயிர் நிற்கிறது என்று வி.ஏ.ஓ. எழுதித் தருகிற அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் ஆகி, அரசுத் தளத்தில் ஏற வேண்டும். கடைசி நாள் மாலைக்குள் ஏறாவிட்டால் அந்தப் பருவம் அவ்வளவுதான். கார்த்திகையில் மழை பிடித்துப் பயிர் மூழ்கினால் கேட்க நாதியில்லை. எல்லோரும் கடைசி வாரத்தில்தான் வருவார்கள். தளம் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். காகிதங்களை ஸ்கேன் செய்துகொண்டு, போன் நம்பரை நோட்டில் எழுதிக்கொண்டு, ஆட்களை அனுப்பிவிடுவோம். தளம் லேசாகிற விடியற்காலையில் உட்கார்ந்து ஏற்றுவோம். ஓ.டி.பி. வரும்போது போன் போட்டுக் கேட்டுக்கொள்வோம்.

சிக்கல் ஒன்றுதான். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய ஃபைலைத் தளம் துப்பிவிடும். அடங்கல் பச்சை மையில், முத்திரையோடு, மடித்து மடித்துக் கசங்கி வரும். தெளிவாகத் தெரியட்டும் என்று நான் பெரிதாக ஸ்கேன் செய்வேன். பிறகு ஒவ்வொன்றாக அளவைக் குறைக்க வேண்டும். டெல்டா முழுக்க இருக்கிற சேவைக் கடைகளில் அந்த வாரம் எல்லோரும் கூகுளில் தேடுவது அதைத்தான்: பிடிஎஃப் அளவைக் குறைக்க இலவச சாஃப்ட்வேர்.

நானும் தேடினேன். விதிப்படி, ஆறாம் நம்பரில். ஒன்று கிடைத்தது. ஃபோல்டர் முழுவதையும் ஒரே சொடுக்கில் குறைத்துவிடுமாம். தளத்தில் பச்சைப் பொத்தான்கள் நான்கு இருந்தன. நிஜமானதைச் சரியாகக் கண்டுபிடித்து இறக்கினேன், அதில் எனக்குக் கெட்டிக்காரத்தனம் வேறு. ஆன்ட்டிவைரஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஆறாம் நம்பரிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். அழகாக வேலை செய்தது. காலை பதினோரு மணி. உள்ளே பத்துப் பேர் நிற்கிறார்கள். சார் வயலுக்குப் போயிருந்தார்.

ஊறல் ஃபோல்டரில் ஒரு பிரதியை வைத்தேன். இன்னொன்றைப் பென் டிரைவில் எடுத்து ஒன்றாம் நம்பருக்குக் கொண்டுபோனேன். நிறுவும்போது, யார் வெளியிட்டது என்று தெரியவில்லை, இருந்தாலும் அனுமதிக்கவா என்று விண்டோஸ் கேட்டது. அனுமதித்தேன்.

அன்று பகல் பறந்தது. நூறு நிமிட வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. "பாப்பா என்னா சுறுசுறுப்பு!" என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

வந்தவர்களில் ஒருவர் அமிர்தம் அக்கா. ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. கோயில் நிலம் மூன்று மா குத்தகைக்குச் செய்கிறார். மஞ்சள் பையிலிருந்து அடங்கலை எடுக்கும்போதே சொன்னார்: "நாலு தடவ நடந்து வாங்குன காயிதம் பாப்பா. மடிக்காம வையி." ஸ்கேன் செய்து கையில் திருப்பிக் கொடுத்தேன். "ஏத்திடுவல்ல?" என்றார். "நீங்க வீட்டுக்குப் போங்கக்கா, ஏறிடும்" என்றேன்.

நாலு மணிக்கு ஒன்றாம் நம்பரில் ஒரு ஃபைலைத் திறந்தேன். திறக்கவில்லை. பக்கத்து ஃபைலும் திறக்கவில்லை. ஃபோல்டரைப் பார்த்தேன். பெயர்களெல்லாம் என் கண் முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு புது வால். டெஸ்க்டாப்பில் ஒரு குறிப்பு: உங்கள் ஃபைல்கள் பூட்டப்பட்டன, திறக்க இவ்வளவு டிஜிட்டல் காசு.

நான் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு நெட்வொர்க் சுவிட்சிலிருந்து எல்லா ஒயரையும் கொத்தாகப் பிடுங்கியது. பிறகு ஒன்றாம் நம்பரின் பவர் பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடித்தது. சார் வயலிலிருந்து வந்திருந்தார். காலில் சேறு காயவில்லை.

"என்னாச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்தார்.

"எஸ்தர், கொஞ்சம் எழுந்திருங்க."

எழுந்தேன்.

எங்கள் கடையில் தினமும் மாலை ஒரு வெளி டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைப்பது சாரின் வழக்கம். மாட்டியே வைத்தால் என்ன என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்போது அந்த ஞாபகம் வந்ததும் பீரோவுக்கு ஓடி, டிஸ்க்கை எடுத்துவந்து ஒன்றாம் நம்பரில் செருகப் போனேன். சார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கறதே இது ஒண்ணுதான். இதையும் அதுக்கு ஊட்டி விடப் போறீங்களா?"

அன்றைக்கு நான் செய்ய இருந்த இரண்டாவது தப்பு அது. டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் செருகினார். அது அன்று முழுக்கக் கடை நெட்வொர்க்கில் இல்லாதது. முந்தின நாள் மாலை வரையிலான ஸ்கேன்கள் பத்திரமாக இருந்தன. பிறகு அதே லேப்டாப்பிலிருந்து அரசு சேவை ஐடியின் பாஸ்வேர்டை மாற்றினார், மெயிலின் பாஸ்வேர்டையும் மாற்றினார். பூட்டினவன் சாவிக்கொத்தையும் பார்த்திருப்பான் என்றார். கேட்ட காசைக் கொடுப்பது பற்றிப் பேச்சே எழவில்லை. கொடுத்தாலும் திறப்பான் என்று என்ன நிச்சயம்?

அன்றைக்கு வந்தவர்களின் காகிதங்கள் மட்டும் போய்விட்டன. நோட்டைப் பார்த்தோம். பத்தொன்பது பேர். மறுநாள் மாலைதான் கடைசி.

"போன் போடுங்க" என்றார் சார்.

"கரண்ட் போயிடுச்சு, ஸ்கேன் சேவ் ஆகலன்னு சொல்லிடவா சார்?"

"என்ன ஆச்சோ அதச் சொல்லுங்க. அவங்க ஆதார், பாஸ்புக்கு எல்லாம் அதுக்குள்ள இருந்துச்சு. பேங்க்லருந்து பேசறோம்னு நாளைக்கு எவனாவது கூப்பிட்டா அவங்க உஷாரா இருக்க வேணாமா?"

நான் போன் செய்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சாயங்காலம் இன்னொன்று வேண்டாம். "உங்க காகிதம் இருந்த மிஷின்ல வைரஸ் வந்துடுச்சு. நான்தான் தெரியாத சாஃப்ட்வேர் போட்டுட்டேன். நாளைக்குக் காலையில காகிதத்த எடுத்துட்டு வாங்க." ஒருவர் திட்டினார். ஒருவர் சிரித்தார். "மிஷினுக்குமா சளி புடிக்குது? கஷாயம் வச்சுக் குடுங்க" என்றார். ஒருவர் பேசாமல் போனை வைத்துவிட்டு, கால் மணி நேரத்தில் பைக்கில் வந்து நின்று, காகிதத்தை மேஜையில் போட்டார். "இந்தாங்க. இந்தத் தடவ கண்ணால பாத்துட்டுத்தான் போவேன்" என்றார். தளம் ஊர்ந்து முடிக்கும்வரை நகரவில்லை. இருட்டுவதற்குள் பதினெட்டுப் பேரிடமும் பேசிவிட்டேன்.

அமிர்தம் அக்காவின் பெயருக்கு நேரே இருந்தது பக்கத்து வீட்டு நம்பர்.

"அமிர்தமா? அது மத்தியானமே திருப்பனந்தாளுக்கு பஸ் ஏறிடுச்சே. மவளுக்குப் பிரசவம். காயிதம்லாம் அந்த மஞ்சப் பையிலதான் வச்சிருக்கும், பைய விட்டு நகராது." அமிர்தம் அக்கா வைத்திருந்தது பட்டன் போன், படம் எடுத்து அனுப்ப வழியில்லை. நம்பர் வாங்கி அடித்தேன். எடுக்கவில்லை. மகள் வீடு எந்தத் தெரு என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ் ஏறுவதற்கு முன் கடைக்குப் போனேன். சார் ஆறாம் நம்பர் முன்னால் நின்றிருந்தார். ஆன்ட்டிவைரஸை அப்டேட் செய்து ஊறல் ஃபோல்டரைச் சோதித்திருந்தார். திரையில் சிவப்புப் பெட்டி. நான் முந்தின நாள் வைத்த அதே பிரதி. அதே சாஃப்ட்வேர். நேற்று அடையாளம் தெரியாதது இன்றைக்குத் தெரிந்திருந்தது.

பதர் மிதந்துகொண்டிருந்தது.

கும்பகோணம் போய் மாறி, திருப்பனந்தாள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அமிர்தம் அக்கா வாசலில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"ஏம் பாப்பா, நீ எங்க இங்க?"

பேரன் பிறந்து எட்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் வந்த விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். ஊறல் கதையையும் சேர்த்துச் சொன்னேன், ஒளிக்காமல்.

கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டார். "வெத ஊறுறதுக்கு முன்னாடி எடுத்து வெதச்சுட்ட" என்றார்.

"ஆமாக்கா."

"வெவசாயி எவனும் பண்ண மாட்டான் இத."

"ஆமாக்கா."

"சரி, இப்ப என்னா பண்ணணும்?"

மஞ்சள் பையிலிருந்து அடங்கல், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். பாயை விரித்து, வெளிச்சத்தில் வைத்து, போனில் படம் எடுத்து சாருக்கு அனுப்பினேன். படம் பெரிது, தளம் துப்புமே என்ற பயம் எனக்கு. சாரிடம் கேட்டேன். போனிலேயே இருக்கிற எடிட்டரில் ஓரத்தை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கி, அளவைக் குறைத்து அனுப்பச் சொன்னார். அரை நிமிட வேலை. "ஸ்கேனர்லயும் டிபிஐன்னு ஒரு அளவு இருக்கு, அதக் கொறச்சாலே போதும்" என்றார். நான் வைரஸோடு இறக்கிய அந்த வசதி, ஸ்கேனருக்குள்ளேயே முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

ஒரு மணிக்கு ஓ.டி.பி. வந்தது, அமிர்தம் அக்காவின் பட்டன் போனுக்கு. "நம்பர் சொல்லுங்கக்கா" என்றேன். போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"மாப்ள சொல்லிருக்காரு, நம்பரு வந்தா யாருக்கும் சொல்லாதன்னு."

"அவரு சொன்னது சரிதான்க்கா. ஆனா இது நம்ம…"

"நேத்து நீ ஏறிடும்னுதான சொன்ன?"

ஓ.டி.பி.க்கு ஆயுள் சில நிமிடம்தான். கேட்டு வாங்க எனக்கு முகமில்லை. வாங்காமல் விட்டால் மூன்று மா பயிர். சாருக்கு வீடியோ கால் போட்டு, போனை அக்கா கையிலேயே கொடுத்தேன்.

"அம்மா, நான் கலியமூர்த்தி. என் மூஞ்சி தெரியுதா?"

"தெரியுது. எந்த மிஷின்ல ஒக்காந்திருக்கீங்க? கொஞ்சம் கீழ காட்டுங்க."

சார் காட்டினார்.

"ஒண்ணாம் நம்பரா?"

"இல்லம்மா, இது என் லேப்டாப்பு. ஒண்ணாம் நம்பரு செத்துக் கெடக்கு."

"என் பேரு எங்க இருக்கு?"

திரையைக் காட்டினார். தமிழில் அவர் பெயர், ஊர், புல எண். ஒவ்வொன்றாக அக்கா வாய்விட்டுப் படித்தார். புல எண்ணை அடங்கலோடு ஒத்துப் பார்த்தார். அதன் பிறகுதான் ஓ.டி.பி.யைச் சொன்னார், ஒவ்வொரு எண்ணாக, சாரின் விரல் அங்கே அடிப்பதைப் பார்த்துக்கொண்டே. வங்கி அதிகாரிகள்கூட அவ்வளவு பார்ப்பார்களா தெரியவில்லை. சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒப்புகை எண் வந்தது.

அமிர்தம் அக்கா போனை என்னிடம் நீட்டினார். "பேரனப் பாத்துட்டுப் போ" என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மாலை கடைக்குத் திரும்பும்போது பத்தொன்பதும் ஏறியிருந்தன. கடைசியாக ஏறியவருக்கும் தளம் மூடுவதற்கும் இடையில் அரை மணி நேரம்கூட இல்லை. சார் ஒன்றாம் நம்பரை முழுக்க அழித்து, புதிதாக விண்டோஸ் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"சாப்டியா?" என்றார்.

இல்லை என்றேன்.

அந்த வருடம் மழை அளவோடு பெய்தது. அமிர்தம் அக்காவின் வயல் மூழ்கவில்லை. இன்சூரன்ஸ் தேவைப்படவும் இல்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே அடங்கலோடு வந்துவிட்டார். ஸ்கேன் முடிந்ததும் இடுப்பிலிருந்து ஒரு புதுப் போனை எடுத்தார். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய டச் போன்.

"பாப்பா, ஒண்ணு காட்டணும். நேத்து வாட்ஸ்அப்புல வந்துச்சு. வெவசாயிங்களுக்கு இலவசமா மோட்டாரு தர்றாங்களாம், இதத் தொட்டு ஆதார் நம்பரப் போடணுமாம். எங்க தெருவுல எல்லாரும் தொட்டாங்க. நான் தொடல."

"ஏன்க்கா?"

"ஒரு நாளு ஊறட்டும்னு விட்டுட்டேன்."

போனை வாங்கி, லிங்க்கைப் படித்து, வாசல் பக்கம் போய் ஆறாம் நம்பரில் அடித்தேன். பக்கம் திறக்கவில்லை. இந்த முகவரியில் எதுவும் இல்லை என்று வந்தது. ஒரே நாளில் கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

அமிர்தம் அக்கா என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தார்.

"மெதந்துடுச்சா?" என்றார்.